பாரமில்லாத தடம்

அவர் யாருடைய முகத்தையும் முதலில் பார்த்து நான் கண்டதில்லை. வாசலில் ஆள் நிழல் விழுந்தால் போதும், பார்வை தரைக்குப் போய்விடும். பாதம், அப்புறம் கணுக்கால், அப்புறம் முட்டி. முகத்துக்கு வந்து சேர்வதற்குள் வந்தவர் பாதி விஷயத்தைச் சொல்லி முடித்திருப்பார். டாக்டருக்கும் அதே கதிதான், பெருக்க வருகிற அம்மாவுக்கும் அதே கதிதான்.

தஞ்சாவூரிலிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் போகிற சாலையில் இருந்தது எங்கள் தொழுநோய் சிகிச்சை நிலையம். இரண்டு ஓட்டுக் கட்டடங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு பக்கமும் வயல். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து நான் அங்கே பிசியோதெரபி டெக்னீசியனாகப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் எல்லோரும் அங்கே 'சிஸ்டர்'தான். அவரை எல்லோரும் 'மாஸ்டர்' என்றார்கள். நோயாளிகளுக்குச் செருப்புச் செய்து கொடுப்பது அவர் வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டைவிரல் நகத்தில் எப்போதும் ரப்பர் பசை காய்ந்து ஒட்டியிருக்கும். பேச்சு குறைவு. பேசினால் காலைப் பற்றித்தான் பேசுவார்.

அந்த நோய் வந்தவர்களுக்கு நரம்பு செத்துப்போய்ப் பாதத்தில் உணர்ச்சி இருக்காது. முள் ஏறினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. ஊரில் எல்லோரும் நோய்தான் விரலைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் போயிருந்தேன். விரலைத் தின்பது நடைதான் என்று முதல் வாரத்திலேயே அவர் எனக்குச் சொல்லிவிட்டார்.

"உங்களுக்குக் கால்ல ஒரு கொப்புளம் வந்தா என்ன பண்ணுவீங்க, சிஸ்டர்?"

"நொண்டுவேன்."

"அதான். நொண்டினா அந்த எடத்துல எடை விழாது. எடை விழாட்டி ஆறிடும். இவங்களுக்கு நொண்டத் தெரியாது. புண்ணு மேலயே முழு ஆளும் ஏறி எறங்கிக்கிட்டிருப்பாங்க, நாள் பூரா."

அவரிடம் ஒரு ரப்பர் விரிப்பு இருந்தது. அதன் ஒரு பக்கம் மையைத் தடவி, வெள்ளைக் காகிதத்தின்மேல் கவிழ்த்து வைத்து, நோயாளியை அதன்மேல் மிதித்து நடந்துபோகச் சொல்வார். எங்கே எடை அதிகம் விழுகிறதோ அங்கே காகிதம் கறுத்திருக்கும். நிற்கச் சொல்லி எடுக்கலாமே என்று கேட்டேன். "நிக்கறப்ப எல்லாக் காலும் சாதுவாத்தான் இருக்கும். நடக்கறப்பதான் குணம் தெரியும்" என்றார். குதிகாலில் இறங்குகிற எடை, வெளி ஓரமாக ஊர்ந்து, விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறி, பெருவிரல் வழியாகத் தரையை விட்டுப் போகிறது. அந்த மேட்டில் ஒரு கணம் உடம்பு முழுவதும் நிற்கிறது. எட்டி நடந்தால் இன்னும் பலமாக நிற்கிறது. ஓடினால் கேட்கவே வேண்டாம். அதனால் வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: "சின்ன அடியா வைங்க."

கூலிக்குப் போகிறவர்கள் சின்ன அடியாக எப்படி வைப்பார்கள்? தலையில் நெல்லுக்கட்டு, காலுக்குக் கீழே வழுக்குகிற வரப்பு, பின்னால் அதட்டுகிற ஆள். தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் புண்ணோடு வருவார்கள். நாங்கள் கட்டிவிடுவோம். அதற்கடுத்த மாதமும் வருவார்கள். அந்த வேலையில் எனக்கு மிஞ்சியது இந்தக் களைப்புதான். அவரும் களைத்துத்தான் இருந்திருப்பார். சொன்னதில்லை.

அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று இருந்தது. கால் சொன்னதை அவர் மறைக்க மாட்டார். யாரிடம் சொல்கிறோம், சொன்னால் என்ன ஆகும் என்ற யோசனையே கிடையாது.

ஒரு வண்டிக்காரர் எங்களிடம் தங்கிச் சிகிச்சை பெற்றார். மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஒருநாள் காலை டாக்டர் சுற்றி வரும்போது மாஸ்டர் கட்டிலுக்கு அடியில் இருந்த செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஆறு மைலுக்குக் குறையாம நடந்திருக்கு சார். திரும்பி வரப்ப வேகமா வந்திருக்காரு" என்றார். வண்டிக்காரர் மகளைப் பார்க்கப் போய்விட்டு வந்திருந்தார். டாக்டர் கோபக்காரர். அன்றைக்கே அவரைப் பெயர் வெட்டி அனுப்பிவிட்டார்.

"நீங்க வாயத் தொறக்காம இருந்திருக்கலாம் மாஸ்டர்" என்றேன்.

"செருப்பு அப்படித்தான் சொல்லிச்சு சிஸ்டர். நான் என்ன சேத்தா சொன்னேன்?"

"சொன்னதால அவருக்குக் கட்டில் போச்சு."

அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

புதிய அறுவைச் சிகிச்சைக் கூடத்தைத் திறந்துவைக்க ஒரு மந்திரி வந்தார். சாலை நெடுகக் கறுப்பு சிவப்புத் தோரணம். மைக்கைப் பிடித்து ஒரு மணி நேரம் பேசினார். அடுக்குமொழியில் எங்கள் நோயாளிகளே சொக்கிப்போய்க் கை தட்டினார்கள், விரல் இல்லாத கைகளால். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தபோது மாஸ்டர் மேடைக்குப் பக்கவாட்டில் நின்று அவர் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்கள் போன பிறகு கேட்டேன், பேச்சு எப்படி என்று.

"வலது காலு சுண்டுவிரல்ல கடிக்குது. மாத்தி மாத்தித்தான் நின்னாரு." கொஞ்சம் பொறுத்து, "குடுத்து வெச்சவரு. வலிக்குது" என்றார்.

எங்களிடம் மாதாமாதம் வருகிறவர்களில் தையல்நாயகி என்று ஓர் அம்மா இருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. நோய் குணமாகிவிட்டது, ஆனால் இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி போய்விட்டது. வலது காலில் நடுவிலுள்ள மூன்று விரல்கள் கரைந்துபோய்ப் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நிற்கும். மாஸ்டர் சொன்னதை உள்ளபடியே கேட்டு நடந்த நோயாளி அநேகமாக அந்த அம்மா ஒருவர்தான். வரப்பு வரைக்கும் செருப்போடு வருவார். வயலில் இறங்கும்போது கழற்றி வைப்பார். ஏறியதும் காலைக் கழுவிப் பாதத்தைத் திருப்பி விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி மாட்டுவார். "கண்ணாலதான் எங்காலு எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்பார். நான்கு வருடமாக அவர் காலில் புண் வந்ததில்லை. மாஸ்டர் அவருடைய காகிதங்களைத் தனியாக ஓர் உறையில் வைத்திருந்தார்.

அவர் புருஷன் ஒரு பண்ணையில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குச் செய்துவந்தார். செத்த பிறகு அந்த அம்மா தொடர்ந்து செய்தார். அப்போது உச்சவரம்புச் சட்டம் வந்து, பெரிய பண்ணைகள் நிலத்தை உறவுக்காரர் பேரிலும் கோயில் பேரிலும் மாற்றி எழுதிக்கொண்டிருந்த காலம். குத்தகைக்காரர்கள் தாலுகா ஆபீசில் பேரைப் பதிந்துகொள்ளலாம் என்றும் சட்டம் வந்திருந்தது. தையல்நாயகியம்மா மனுப் போட்டார். பண்ணைக் காரியஸ்தர், "குத்தகை அவ புருஷனோட போச்சு. இவளுக்கும் நெலத்துக்கும் சம்பந்தம் இல்ல" என்று எதிர்மனுப் போட்டார். விசாரணை தள்ளித் தள்ளிப் போனது. அதற்குள் குறுவை கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. அறுக்கிறவர் யாரோ அவருக்குத்தான் நிலம் என்ற நிலைமை.

ஐப்பசியில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இறங்கி டாக்டரிடம் பேசினார். விடியுமுன் அந்த வயலில் கதிரை அறுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தையல்நாயகி ஆட்களைக் கூட்டிவந்து அறுத்து, தானும் தலையில் கட்டுச் சுமந்துகொண்டு போனாள் என்று பண்ணை புகார் கொடுத்திருக்கிறது. வயலில் விரல் இல்லாத ஒரு காலின் தடம் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் கால் தடத்தைக் காகிதத்தில் எடுத்து வைப்பார்களாமே, அதையும் எடுத்தவரையும் அனுப்புங்கள். இதுதான் அவர் கேட்டது. நோயாளியின் காகிதம் தனியாக வெளியே போகக்கூடாது என்று டாக்டர் என்னையும் உடன் அனுப்பினார்.

முதல் நாள் மழை பெய்திருந்தது. அரிதாள் மட்டும் நின்ற வயலில் ஏகப்பட்ட கால்கள் மிதித்துக் குழப்பியிருந்தன. வாய்க்கால் ஓரமாக ஒரு பக்கம் மட்டும் சேறு கலையாமல் இருந்தது. அங்கே ஒரே ஆளுடைய தடம் உள்ளே போயிருந்தது, திரும்பி வந்திருந்தது. வலது காலில் இரண்டே விரல்கள்.

மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். பையிலிருந்து காக்கித் தாளும் பென்சிலும் எடுத்துப் போகிற தடத்தில் நான்கும் வருகிற தடத்தில் நான்கும் வரைந்துகொண்டார். அடிக்கும் அடிக்கும் இடையே சாணால் அளந்தார். குதிகால் குழியில் விரலை விட்டுப் பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். சப்-இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்தப் பொம்பள காலா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

மாஸ்டர் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் பார்க்கத் தேவையே இல்லை.

"அவங்க காலுதாங்க."

சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்து, "எழுதிக்க" என்றார்.

"ஆனா சார், இது பாரம் சுமந்த காலு இல்லீங்க. போறப்பவும் வெறும் ஆளு, வரப்பவும் வெறும் ஆளு. கட்டு சுமந்தா அடி கிட்டக் கிட்ட விழும், குதிகாலு இன்னும் எறங்கும், பாதம் வெளிப்பக்கமா தொறந்துக்கும். இது அப்படி இல்ல. அறுத்துக் கெடக்கறதப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்க."

இதை அவர் சொல்லி முடிக்கும்போது சப்-இன்ஸ்பெக்டர் வரப்பில் ஏறி ஜீப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மாஸ்டர் அவர் முதுகைப் பார்த்துத்தான் கடைசி வரைக்கும் சொன்னார். ஏட்டு நோட்டை மூடியிருந்தார்.

ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினார்கள். மேற்படி தடம் தையல்நாயகி என்பவருடையதுதான் என்று ஒரே ஒரு வரி. மாஸ்டர் இரண்டு தடவை படித்தார்.

"மத்தது எழுதலீங்களே."

"அதெல்லாம் கோர்ட்டுல சொல்லுங்க. இதுல எழுதியிருக்கறது உண்மையா இல்லையா?"

"உண்மைதாங்க."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

போட்டார். சாட்சி என்று என்னைக் காட்டினார்கள். நானும் போட்டேன். காரியஸ்தர் கொஞ்சம் தள்ளி மதகுக் கட்டையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆட்களே விடியுமுன் அறுத்துக்கொண்டு போனார்கள் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது.

திரும்பி வரும்போது ஜீப்பின் பின்பக்கத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். "எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லையே சிஸ்டர்" என்றார். என்னைக் கேட்டாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று மத்தியானமே அந்த அம்மாவைக் கைது செய்து கிளைச்சிறையில் வைத்தார்கள். விஷயம் எங்களுக்கு எட்டியதும் மாஸ்டர் ஒரு ஜோடி புதுச் செருப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த அம்மாவைக் கூலிக்கு இறங்கியிருந்த வேறொரு வயலிலிருந்தே கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள், செருப்பு வரப்பிலேயே கிடந்தது. வாயிற்காவலர் வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மாஸ்டர் நம்பி வந்துவிட்டார். மறுவாரம் போனார், கொடுத்தாகிவிட்டது என்றார்கள். அதற்கு மறுவாரமும் போனார். ஆளைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை.

காவல் நீட்டிப்புக்காக அந்த அம்மாவைக் கோர்ட்டுக்கு நடத்திக்கொண்டு போவார்கள். இரண்டு மைல் சரளைச் சாலை. மழையில் ஊறிய பாதம். ஏட்டு எட்டி நடக்கிறவர். சின்ன அடி வைத்தால் விடுவார்களா? சிறையில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்க்க வெளிச்சமும் இல்லை, கழுவத் தண்ணீரும் இல்லை. வலி தெரிந்திருந்தால் நொண்டியிருப்பார், யாராவது கவனித்திருப்பார்கள். அவர் நிமிர்ந்து நேராக நடந்தார்.

இருபத்திரண்டாம் நாள் விவசாயச் சங்கத்து ஆட்கள் ஜாமீன் எடுத்தார்கள். வீட்டுக்குப் போகாமல் அந்த அம்மா நேரே எங்களிடம் வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து அரை மைல் நடந்து, வாசல்படி ஏறி, "காலு கொஞ்சம் நாறுது சிஸ்டர்" என்றார். கக்கத்தில் அந்தப் புதுச் செருப்பு இருந்தது, தேயாமல். வெளியே வரும்போதுதான் வாயிலில் எடுத்துக் கொடுத்தார்களாம்.

மாஸ்டர் தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து உள்ளே வரை ஒன்றுவிட்டு ஒன்று ஈரத் தடம். அவர் எழுந்து வந்து அந்த அம்மாவை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டுபோய் மேஜையில் உட்காரவைத்தார். எலும்பு வரைக்கும் சீழ் போயிருந்தது. நான் இடுக்கியால் புழு எடுத்தேன். அந்த அம்மா, தன் காலைப் பார்ப்பதுபோல் இல்லாமல், வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே தஞ்சாவூருக்கு அனுப்பினோம். பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மாஸ்டர் மூன்று மாதம் ஏறக்குறைய யாரோடும் பேசவில்லை. வேலை நடந்தது. அவருடைய சம்சாரம் ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவர் என்னிடம், "வீட்டுலயும் இப்படித்தாம்மா. ராத்திரியெல்லாம் காக்கித் தாள விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றார்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது சாட்சி சொல்ல அவரைக் கூப்பிட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குச் சம்மன் வரவில்லை. வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது. தையல்நாயகியம்மா குற்றவாளிக் கூண்டில் நிற்க முடியாததால் அருகே ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். கக்கத்தில் ஊன்றி நடக்கிற கட்டைகள் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன.

தடம் இவருடையதுதான் என்று மாஸ்டர் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. ஒரே மூச்சில் மீதியையும் சொன்னார். காக்கித் தாள்களை எடுத்து நீட்டினார். வழக்கைப் பார்க்க வந்திருந்த பண்ணை வக்கீல், அரசு வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். அரசு வக்கீல் எழுந்தார்.

"நீ செருப்புத் தைக்கிற ஆள்தானே?"

"ஆமாங்க."

"தடய நிபுணரா?"

"இல்லீங்க. காலு அவங்களுதுன்னு நான் சொன்னப்ப, நிபுணரான்னு யாரும் கேக்கலீங்க."

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்தினார். வயதானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மண்ணப் பாத்தே ஒருத்தன் சுமை தூக்கிட்டுப் போனானா இல்லையான்னு சொல்லிடுவீங்களா?"

"எடம் காட்டினீங்கன்னா செஞ்சே காட்டிடுறேங்க."

கோர்ட்டு வாசலில் குழாயடியில் மண் எப்போதும் ஈரமாகத்தான் கிடக்கும். மத்தியான இடைவேளையில் மாஜிஸ்திரேட் படியிறங்கி வந்தார். டவாலி அணிந்த சேவகரைச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுமனே நடக்கச் சொன்னார் மாஸ்டர். பிறகு ரெக்கார்டு ரூமிலிருந்து இரண்டு பெரிய கட்டுக் காகிதங்களைக் கொண்டுவந்து அவர் தலையில் ஏற்றினார்கள். அத்தனையும் பழைய நில வழக்குகள். சேவகர் கழுத்து விறைத்து மறுபடி நடந்தார். இரண்டு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. முதல் வரிசையில் அடி நீளம், பாதம் நேர். இரண்டாவதில் அடிகள் குறுகி, பாதம் விரிந்து, குதிகால் குழிந்து, ஓரத்தில் சேறு பிதுங்கி நின்றது. கண் உள்ளவர் எவருக்கும் தெரிந்தது. மாஜிஸ்திரேட் குனிந்து, காக்கித் தாள்களையும் மண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

அடுத்த வாய்தாவில் விடுதலை. புகாரில் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று தீர்ப்பு. காரியஸ்தர் மேல் ஒன்றும் வரவில்லை. அறுத்துப்போன நெல் போனது போனதுதான்.

ஆனி பிறந்ததும் அந்த அம்மா எங்களிடம் வந்தார். வலதுக்கு மரக்கால் பொருத்தியிருந்தார்கள். இடது காலுக்குச் செருப்பு வேண்டும். மாஸ்டர் விரிப்பில் மையைத் தடவினார், நான் அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். நடந்து முடித்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் மாஸ்டர் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். தலையைத் தூக்கி அவர் முகத்தையே பார்த்தார்.

"நான் அன்னிக்கு சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

அந்த அம்மாவுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அலுப்புதான் இருந்தது. "எங்காலத்தான் எங்காலுன்னு சொன்னீங்க. அதுல என்ன இருக்கு? நான் அங்க போனது நெசந்தானே. பாரம் இல்லங்கறத மொதல்ல சொல்லிட்டு, அப்புறமா காலு யாருதுன்னு சொல்லிருக்கலாம் மாஸ்டரு. அம்புட்டுத்தான்."

அந்த அம்மாவே பேச்சை மாற்றினார்.

"அத விடுங்க. தாலுகா ஆபீசுல எம்பேரு ஏறுற வரைக்கும் நான் வயல்ல நிக்கணும். நாத்து விட்டாச்சு. இருக்கற இந்த ஒத்தக் காலு எத்தன வருசம் தாங்கும்? உள்ளதச் சொல்லுங்க."

காகிதம் என் கையில் இருந்தது. இரண்டு கால்கள் பகிர்ந்து சுமந்ததை இப்போது ஒன்று சுமந்தது. விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில் காகிதம் நனைந்து கிழியும் அளவுக்குக் கறுத்திருந்தது. இத்தனை வருடம் மாஸ்டர் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கே தெரிந்தது. ஒன்றரை வருடம், மிஞ்சிப்போனால் இரண்டு. நான் காகிதத்தை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரொம்ப நாள் தாங்கும்மா" என்றார். "நான் பாத்துக்கறேன்."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது.

அந்தச் செருப்பை அவர் ஒன்பது நாள் செய்தார். மேட்டுக்கு நேரே அடிரப்பரைக் குடைந்தெடுத்து, அதற்குப் பின்னால் ஒரு திண்டு வைத்து, எடை அங்கே ஏறாமல் பின்னாலேயே தங்கும்படி செய்தார். சேற்றில் இறங்கப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு உறை தைத்தார். முதல் உறை சேற்றில் கழன்று உள்ளேயே போய்விட்டது. இரண்டாவது தண்ணீர் வாங்கியது. மூன்றாவது நின்றது. மரக்காலுக்கு அடியில் அகலமாக ஒரு பலகை வைத்துப் பார்த்தார், அது புதையவில்லை, ஆனால் சேறு பிடித்துக்கொண்டு எடுக்க வரவில்லை. கடைசியில் அந்த அம்மா வரப்போரத்தில் நின்று நாற்று முடிச்சுகளை எடுத்துப்போட, தங்கை மகள்கள் நட்டார்கள்.

அடுத்த மாதம் அந்த அம்மாவை வரச்சொல்லவில்லை. மாஸ்டரே போனார். முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் இறங்கி, வாய்க்கால் கரையோடு மூன்று மைல் நடந்து, காலைக் கழுவச் சொல்லி, பார்த்து, தடவி, விரிப்பில் நடக்கவைத்துத் தடம் எடுத்து, திண்டு அமுங்கியிருந்தால் மாற்றி வைத்துவிட்டு வருவார். அதற்கடுத்த மாதமும் போனார். இரண்டு வருடம் கடந்தது. குத்தகைப் பதிவில் அந்த அம்மாவின் பேர் ஏறியது. நான் காகிதங்களை மாதாமாதம் பார்த்து வந்தேன், கறுப்பு அப்படியே இருந்தது, ஆனால் தோல் உடையவில்லை. பிறகு எனக்குக் கல்யாணமாகித் தஞ்சாவூருக்கு மாற்றலானது. கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

பல வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது என்றார். ரப்பர் இப்போது சொந்தமாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, அதற்காக இங்கே வந்தேன் என்றார். கக்கத்தில் ரெக்சின் பை, அதில் சுருட்டிய கறுப்பு ரப்பர் தாள். அவருக்கே மூச்சு வாங்கியது. மூன்று மைல் எப்படி நடக்கிறார் என்று கேட்க வாயெடுத்து, வேறு கேட்டேன்.

"அந்தம்மா காலு எப்படி இருக்கு மாஸ்டர்? தாங்குதா?"

வேளாங்கண்ணி பஸ் வந்து நின்று, ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவர் கூட்டம் குறையட்டும் என்று நின்றார். பிறகு கம்பியைப் பிடித்து, படியில் ஒரு காலை வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போன மாசம் வரைக்கும் தாங்கியிருக்கு சிஸ்டர். இந்த மாசத்துக்குப் போய்ப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."